பேர் போட்ட பரிசுப் பெட்டிகள்

1. டீச்சரின் போன்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போடியிலிருந்து ஜெபசீலி டீச்சர் கூப்பிட்டார்.

"சார், பெட்டியெல்லாம் வந்துருச்சு. அம்புட்டு அழகா இருக்கு. ஒண்ணுகூட நசுங்கல."

"சந்தோசம் டீச்சர்."

"சந்தோசம்தான். ஆனா குடுத்தவுக பேரை எதுக்கு சார் கொட்டை எழுத்துல மேலயே எழுதி வச்சிருக்கீக?"

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு விவரம் கேட்டேன்.

டீச்சரின் சபையில் ஆண்டுதோறும் 'கிறிஸ்மஸ் ஃபிரண்ட்' விளையாட்டு உண்டு. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பெயர் எடுப்பார்கள். அந்தப் பெயருக்கு உரியவருக்குப் பரிசு தர வேண்டும். தருவது யார் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. பாட்டு ஆராதனை நடக்கும் மாலையில் பெட்டியைத் திறந்து, கொடுத்தவரை ஊகித்துச் சொல்ல வேண்டும். அதில்தான் மொத்தச் சிரிப்பும். அந்த ஆண்டு எல்லோரும் எங்கள் வெப்சைட்டிலேயே ஆர்டர் போட்டு, 'கிஃப்ட் பேக்கிங்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். பெட்டிகள் மொத்தமாகச் சபை ஹாலுக்குப் போய்விட்டன. ஆராதனை அன்று மாலையே.

2. சீர்த்தட்டு நியாயம்

எங்கள் கடை தேனியில் இருக்கிறது. ஏலக்காய், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் இணையத்தில் விற்கிறோம். ஆர்டர் பிரிவு என் பொறுப்பு. பண்டிகை ஸ்பெஷல் பெட்டிகளை அந்தத் தீபாவளிக்குத்தான் தொடங்கியிருந்தோம். முதலாளி முருகானந்தத்துக்கு அதில் பாதி மனதுதான்.

"ஏலக்காயத் தரம் பாத்தமா, நிறுத்தமா, அனுப்புனமான்னு இருக்கணும். கலர் காகிதம் சுத்துறதெல்லாம் ஒரு வேலையா? கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். சரிப்படலைன்னா மூடிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பிரிவில் பேச்சியம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் வேலை பார்த்தார்கள். நால்வரும் அதற்கு முன் போடி குடோன்களில் ஏலக்காய் தரம் பிரித்தவர்கள். காய் வரத்துக் குறைந்தால் குடோனில் வேலை இருக்காது, வீட்டில் உட்கார வேண்டியதுதான். பேக்கிங் பிரிவு நீடித்தால் ஆண்டு முழுக்க வேலை. அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பேக்கிங் அறைக்குப் போய்ப் பேச்சியம்மாளைக் கேட்டேன்.

"பேரு எழுதாம எப்பிடி சார் அனுப்புறது? ஆர்டர் சீட்டுல குடுக்குறவுக பேரு இருக்கு, பெட்டியில இல்ல. நீங்க மறந்துட்டீகன்னு நாங்களே எழுதிட்டோம்."

"யாரு எழுதச் சொன்னது?"

"அத ஒருத்தர் சொல்லணுமாக்கும்! சீர்த்தட்டு தூக்கிட்டுப் போறோம், இது தாய்மாமன் சீருன்னு மைக்குல ரெண்டு தடவ சொல்ல மாட்டாக? ஒரு எவர்சில்வர் குடம் வாங்கிக் குடுத்தாக்கூட பேரு வெட்டித்தான குடுக்குறாக? பேரில்லாம போனா செஞ்சவுக மனசு என்ன பாடுபடும்?"

விலை தெரியக் கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்தோம். விலை எங்கும் தெரியவில்லை. பெயரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால் தடித்த மார்க்கரில், கல்யாண பேனர் எழுத்தில், 'அன்பளிப்பு' என்று போட்டு, கீழே கொடுப்பவர் பெயர், அதற்கும் கீழே ஊர்; வாங்குபவர் பெயர் ஒரு மூலையில்.

விளையாட்டை விளக்கினேன். பேச்சியம்மாள் வாயில் கை வைத்தார்.

"குடுத்துப்புட்டு ஒளிஞ்சுக்கிருவாகளா? நல்ல கூத்தா இருக்கே! சரி, கத்தரிக்கோல எடுங்கடி. அங்கன போயே மாத்திக் கட்டிருவோம்."

சிவப்புத் தாள் தீர்ந்துபோயிருந்தது. மிஞ்சியிருந்தது தீபாவளித் தாள் மட்டும்: நீல நிறத்தில் புஸ்வாணமும் சங்குசக்கரமும். லோடு ஆட்டோ கம்பம் போயிருந்தது. வேறு வழியின்றி முதலாளியே தன் காரை எடுத்தார். போடி வரைக்கும் அவர் பேசியது ஒரே வாக்கியம்.

"இதோட இந்தப் பிரிவுக்கு ஒரு கும்பிடு."

பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்த நால்வரும் மடியிலிருந்த தாள் சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

3. தானியேல் அண்ணாச்சி

ஜெபசீலி டீச்சர் ஹாலைத் திறந்துவிட்டார். புஸ்வாணத் தாளைப் பார்த்து ஒரு கணம் யோசித்தார்.

"பரவால்ல சார். வெளிச்சம் வெளிச்சம்தான்."

நான்கு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் பழைய தாளை உரிக்க, ஒருவர் புதுத் தாளை வெட்ட, ஒருவர் சுற்ற, பேச்சியம்மாள் வாங்குபவர் பெயரை மட்டும் சின்னதாக எழுதினார். அடுத்த அறையில் பாட்டுப் பயிற்சி. கொஞ்ச நேரத்தில் இவர்களும் அந்த மெட்டை முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

பாதிப் பெட்டிகள் முடிந்தபோது, நாற்காலி போடுவதற்காகத் தானியேல் அண்ணாச்சி உள்ளே வந்தார். பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவரிடம் ஒன்றைச் சொன்னால் பஜார் முழுக்கச் சொன்ன மாதிரி என்று டீச்சர் எங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பிரிக்காத பெட்டிகளைக் குனிந்து ஒவ்வொன்றாக வாசித்தார். முகம் மலர்ந்தது.

"ஓகோ! எனக்கு டெய்லர் சாமுவேலா? அவனுக்கு நம்ம ஸ்டெல்லாக்காவா? அடடே!"

"அண்ணாச்சி, வெளிய சொல்லிறாதீக" என்றார் டீச்சர்.

பேச்சியம்மாள் எழுந்து நின்று கை கூப்பினார். "அய்யா, நீங்க சொல்லிப்புட்டா எங்க நாலு பேரு வேலையும் போச்சு. இன்னிக்கி ஒரு நா வாயத் தச்சுக்கங்க."

"தச்சுட்டேன் தாயி" என்றார் அண்ணாச்சி. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை.

ஆராதனை முடிந்து பெட்டிகளைத் திறந்தார்கள். ஹாலே ஏலக்காய் மணம். ஒவ்வொருவரும் எழுந்து தப்புத்தப்பாக ஊகித்தார்கள். அண்ணாச்சி முதல் வரிசையில் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தார். முதலாளி ஹாலின் கடைசியில் என் பக்கத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியின் முறை வந்தது. பெட்டியை முகர்ந்தார். கூரையைப் பார்த்தார். போதகரின் பெயரைச் சொன்னார், இல்லை. டீச்சர் பெயரைச் சொன்னார்; இல்லை. "கண்டிப்பா சாமுவேலா இருக்காது. அவன் எச்சிக் கையால காக்கா ஓட்ட மாட்டான்" என்றார். சாமுவேல் துள்ளி எழுந்து, "யோவ் அண்ணாச்சி, நாந்தான்யா!" என்று கத்தினார். ஹால் அடங்க வெகு நேரமானது.

கடைசிப் பெட்டியையும் திறந்த பிறகு அண்ணாச்சி நேராக மைக்கிடம் போனார். நடந்த அத்தனையையும் ஒன்று விடாமல் சொன்னார். முதலாளி என் கையைப் பிடித்தார். ஆனால் சபை சிரித்த சிரிப்பில் பாட்டுக்குழுவின் ட்ரம்ஸ்காரர் எழுந்து தாளம் போட்டார். நால்வரையும் மேடைக்குக் கூப்பிட்டுக் கேக் கொடுத்தார்கள். அண்ணாச்சி மைக்கை விடவில்லை.

"நம்ம கடைக்கு வர்றவுகளுக்கு இந்தத் தடவ நியூ இயருக்குக் காலண்டர் கெடையாது, ஏலக்காப் பெட்டிதான். எம்பேரு மேல இருக்கணும். இந்தத் தாயி கையெழுத்துலதான் இருக்கணும்!"

இறங்கியதும் இன்னும் மூன்று கடைக்காரர்கள் முதலாளியைச் சூழ்ந்துகொண்டார்கள். திரும்பி வரும்போது காரில் பாட்டு. நியூ இயருக்கு எந்த நிறத்தில் தாள் வாங்குவது என்று முதலாளியே ஆரம்பித்தார்.

4. கட்டத்தில் ஒரு கேள்வி

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்வதன் காரணம்: பரிசைக் கட்டுவதற்கு முன், கொடுப்பவர் அதை எப்படிக் கொடுக்க விரும்புகிறார் என்று கேட்டுவிடுங்கள். நமக்குத் தெரிந்த முறையே ஊருக்கெல்லாம் முறை என்று நினைக்காதீர்கள். எங்கள் வெப்சைட்டில் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது: அனுப்புபவர் பெயர் உள்ளேயா, வெளியேயா, வேண்டாமா?

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் முதலாளி பேக்கிங் அறைக்கு வந்து, கதவோரம் நின்று, மச்சினன் வீட்டுக்கு ஒரு பெட்டி கட்டச் சொன்னார்.

"பேரு உள்ளயா, வெளியவா, வேணாமா மொதலாளி?" என்றார் பேச்சியம்மாள்.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியதான். வாசல்ல வச்சாலே எதிர்த்த வீட்டுக்காரனுக்குத் தெரியணும்."