துபாயிலிருந்து நான்கு மணி நேரம்

கீறல் விழுந்த என் கைபேசித் திரையில், கடலின் நீலத்துக்கு மேல், மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். அன்று கொச்சி மட்டாஞ்சேரி வீட்டில் கூடியிருந்த எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். துபாயிலிருந்து வரும் அந்த விமானத்துக்குள் என் சித்தியான சாச்சியின் ஒரே மகன் இருந்தான். உள்ளறைக் கட்டிலில், வெள்ளைத் துணி போர்த்தி, இறந்துபோன என் சித்தப்பா சாச்சாவைக் கிடத்தியிருந்தார்கள். மகன் முகம் பார்க்கும்வரை மையத்தை, அந்த உடலை, எடுக்க வேண்டாம் என்று சாச்சி காலையிலேயே சொல்லியிருந்தார்.

துபாய்க்கும் கொச்சிக்கும் இடையே நான்கு மணி நேரம் என்கிறோம். அது விமானம் பறக்கும் நேரம் மட்டுமே. தகப்பன் இறந்த செய்தி கிடைத்தபின், மேலாளரிடம் விடுப்பு வாங்கவே அவனுக்கு ஓர் இரவு முழுவதும் ஆகியிருந்தது. அந்த இரவை எந்தப் பயணச்சீட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. அயல்நாட்டில் உழைப்பவனின் தொலைவை வானத்தில் மட்டும் அளப்பது நியாயமாகாது என்று இன்றும் நினைக்கிறேன்.

பிற்பகல் அஸர் தொழுகை நெருங்கியது. ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடவில்லை. காயலை ஒட்டிய எங்கள் மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். பள்ளிவாசல் அடக்கத்தலத்தில் வெட்டிய குழியை ஆட்கள் வாளியால் இறைத்துக்கொண்டேயிருந்தார்கள். ஜமாஅத் தலைவர் நனைந்த வேட்டியோடு வந்து என் முன்னால் நின்றார்.

"எத்தறை நேரம் ஆகும்னு சொல்லு மோனே. குழியில வெள்ளம் கேறுது, கரை இடியுது. இன்னும் வெச்சா இன்னிக்கு அடக்க முடியாது."

"நாலு மணி நேரம்னு டிக்கெட்ல அடிச்சவனைக் கூப்பிடுங்க. அவன் வந்து வாளி பிடிக்கட்டும்," என்றார், சேறு அப்பிய கைகளோடு பின்னால் வந்த சாச்சியின் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

நெடும்பாசேரி விமான நிலையத்தை நெருங்கிய விமானம், இறங்காமல் மறுபடியும் கடல் பக்கம் திரும்பியது. ஒரு வட்டம் அடித்தது. பிறகு இன்னொன்று. ஒரு மகன் தன் தகப்பனின் முகத்தைக் காண்பானா என்பது என் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. காத்திருக்கச் சொன்னால் குழி சரிந்துவிடும். பொய்யான ஆறுதல் அவனுக்கும் உதவாது, இறந்தவருக்கும் உதவாது.

"எப்ப இறங்கும்னு தெரியல சாச்சி. இறங்கினாலும் ரோட்ல ரெண்டு மணி நேரம் ஆகும்," என்று உள்ளறைக்குப் போய்ச் சொன்னேன்.

சாச்சி கைபேசியைக் கையில் வாங்கினார். "இப்ப எங்கன நிக்குது?"

"நம்ம கடலுக்கு மேல. சுத்திட்டிருக்கு."

"கொச்சிக் கடலா?"

"ஆமா சாச்சி."

சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியைச் சாச்சாவின் தலைமாட்டில் வைத்தார்.

"அப்ப பிள்ளை வந்துட்டான். எடுங்க."

அடக்கம் முடிந்து நாங்கள் வீடு திரும்பும் வேளையில்தான் விமானம் தரையிறங்கியது. அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பின் நனைந்தபடி உள்ளே வந்த மகன், வெறும் கட்டிலைப் பார்த்து நின்றான். "கொஞ்சம் காத்திருக்கப்படாதாம்மா?" என்றான். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சாச்சி சொன்னார்: "நீ இருக்கும்போதுதாண்டா எடுத்தோம்."

இப்போதும் அவன் ஊருக்கு வரும் நாளில் சாச்சி என் கைபேசியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். வானம் வெளுத்திருக்கும், மழைக்கான அறிகுறியே இருக்காது. மஞ்சள் விமானம் கொச்சிக் கடலை எட்டியதும், "வந்துட்டான் சாச்சி," என்று கை நீட்டுவேன்.

கைபேசியைத் தரமாட்டார்.

"வாசலுக்கு வரட்டும்," என்பார்.