சொல்லாமல் விட்ட பெயர்

அதிகம் படிக்காத நான் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெபத்தில் சொல்ல வேண்டிய ஒரு பெயரை வேண்டுமென்றே விழுங்கினேன். மறக்கவில்லை... பயந்தேன்!

வட்டவளைப் பக்கம் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் சிறு வேதக்கோயில். போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனையை நடத்துபவன் நான். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ, அவர்கள் பெயரை வாசலிலேயே என் காதில் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு பெயரையும் நான் சொன்னதும், "கர்த்தாவே, கேட்டருளும்" என்று சபை சொல்லும்.

அப்போது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் எல்லையில் சண்டை. கொழுந்து பறிக்கும் அன்னம்மாளின் தம்பி தேவசகாயம், சிறு வயதிலேயே கடல் தாண்டி இந்தியாவில் திருச்சிக்குப் போய், அங்கே பட்டாளத்தில் சேர்ந்தவன்.

"அண்ணே, தம்பி பேரை நல்லா சத்தமாச் சொல்லுங்க. ஒங்க கொரலு மொத பெஞ்சையே தாண்டாது!" என்று சிரித்தாள். கண்கள் சிரிக்கவில்லை.

தலையாட்டினேன்.

நான் பிறந்தது இதே தோட்டத்துத் தொழிலாளர் லய வீட்டில். ஆனாலும் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் இந்த நாட்டுக்கு அந்நியன். குடியுரிமை கேட்ட என் மனு விசாரணையில் கிடந்தது. நான் இங்கேயே வாழ்பவன் என்ற தாளில் தோட்டத்துக் கிளாக்கர் கையெழுத்திட வேண்டும். அன்று அவர் கடைசிப் பெஞ்சில் இருந்தார்.

இந்தியச் சிப்பாய்க்காக ஜெபித்தால், அங்கேயே போ என்பாரோ? அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

தேவசகாயத்தின் முறை வந்தது. அன்னம்மாள் பதில் சொல்ல உதடு திறந்தபடி என்னையே பார்த்தாள்.

"சகல தேசத்துச் சமாதானத்துக்காகவும்..." என்றேன்.

சமாதானம்! எவ்வளவு வசதியான சொல்!

சபையோடு சேர்ந்து அவளும் "கேட்டருளும்" என்றாள்.

பிறகு வாசலில் கேட்டாள். "மறந்துட்டீங்களாண்ணே?"

"ஆமா புள்ள, மறந்துட்டேன்."

"பரவால்ல. அவன் பேரு ஆண்டவருக்குத் தெரியும்ல."

தெரியும். என் பயமும் தெரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிறும் நான் சொல்லவில்லை. தேவசகாயத்தைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அன்னம்மாள் தவறாமல் வருகிறாள். வாசலில் என்னிடம் எந்தப் பெயரும் சொல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

நீங்கள் என்னை வெறுக்கலாம். எனக்கு அதுகூட வருவதில்லை. மனசு மரத்துப் போயிருக்கிறது...

பெயரை விழுங்கிய அந்த முதல் ஞாயிறுக்கு மறுநாளே என் தாளோடு ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் தலை நிமிராமல் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.