மெர்சி சொல்லிப் பட்டினி கிடந்த கோடை

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. நான் அப்போது ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். பிரான்ஸிலிருந்து ஒரு பெரிய இயந்திரம் வாங்கினார்கள். அதைப் பூட்டவும் கழற்றவும் கற்றுக்கொண்டு வரச் சொல்லி என்னையும் இன்னொரு தமிழ் நண்பரையும் ஒரு கோடைக்கு அங்கே அனுப்பினார்கள். பாரிஸ் என்று நினைத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரே வயிற்றெரிச்சல். நான் போய் இறங்கியதோ ஒரு தொழிற்சாலை, ஒரு மாதா கோயில், ஒரு ரொட்டிக் கடை, சுற்றிலும் கோதுமை வயல் என்றிருந்த ஒரு கிராமத்தில்.

கிளம்பும்போதே நான் களைத்துப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு ஆள் வரவில்லை என்றால் மேனேஜரின் கண் என் பக்கம்தான் திரும்பும். நானும் "பரவாயில்ல சார், வர்றேன்" என்பேன். வருஷக்கணக்காக இதே கதை. சனத்நகர் பஸ்ஸில் நின்றபடியே தூங்கப் பழகியிருந்தேன். "செகந்திராபாத்துல பொறந்துட்டு ஒரு நக்கோ சொல்ல வராதா உங்களுக்கு?" என்று என் மனைவி கத்துவாள். எங்கள் ஊர் உருதுவில் வேண்டாம் என்பதற்கு நக்கோ. அந்த வார்த்தை மட்டும் எனக்கு வாயில் வந்ததே இல்லை.

அந்தக் கிராமத்தில் எங்களை ஆளுக்கு ஒரு வீட்டில் தங்க வைத்தார்கள். நான் தங்கியது, கணவரை இழந்த ஓர் அம்மாள் வீட்டில். என் நண்பர் சுத்த சைவம். புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். "உனக்கென்னப்பா, கத்தோலிக்கன். பறக்கறது நடக்கறது எல்லாம் சாப்பிடுவே. ராஜபோகம்தான்" என்று பெருமூச்சு விட்டார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மதியமும் இரவும் அந்த அம்மாள் வீட்டில்தான் சாப்பாடு. சூப்பை அவர் கேட்காமலே ஊற்றிவிடுவார். மேஜையில் ரொட்டி இருக்கும். பிறகு அடுப்பிலிருந்து கனமான இரும்புச் சட்டியைக் கொண்டுவருவார். உள்ளே கோழியோ மாட்டிறைச்சியோ வெண்ணெயில் வெந்து கமகமக்கும். கரண்டியைத் தூக்கி ஏதோ கேட்பார். நன்றிக்கு 'மெர்சி' என்று விமானத்திலேயே கற்றுக்கொண்டிருந்தேன். ஆகவே சிரித்து, நம் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, "மெர்சி" என்பேன். அவர் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

முதல் நாள், திரும்பி வருவார் என்று காத்திருந்தேன். எங்கள் வீடுகளில் ஒருவர் வாயால் வேண்டாம் என்று சொன்னாலும் இன்னும் இரண்டு முறை வற்புறுத்திப் போட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். இங்கே யாரும் திரும்பி வரவில்லை. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. சாப்பாட்டைக் கண்ணில் காட்டிவிட்டு எடுத்துப் போவதும் ஒரு பழக்கமா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் வாய் திறந்து கேட்க வெட்கம். சூப்பிலும் ரொட்டியிலும் நாட்கள் ஓடின. ஊரே சாப்பிட்டு ரசிக்கும் கோடையில் நான் இடுப்பு பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டேன். வீட்டுக்கு மட்டும் 'சாப்பாடு பிரமாதம்' என்று எழுதினேன்.

ஒரு பிற்பகல், தொழிற்சாலையின் மொழிபெயர்ப்பாளர் என்னைத் தனியே அழைத்தார். அவர் பாண்டிச்சேரித் தமிழர். நாங்கள் போனதற்காகவே வெளியூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்து போவார்.

"என்னங்க இது, அந்தம்மா கண்ணு கலங்கி வந்து நிக்கிறாங்க. என்ன செஞ்சு வச்சாலும் வேணாம்னு தள்ளிடுறீங்களாம். என் சமையல் பிடிக்காத மனுசன என் வீட்ல பட்டினி போட முடியாது, வேற எடம் பாருங்கன்னு சொல்றாங்க."

"வேணாம்னா? நான் எப்பங்க சொன்னேன்? தேங்க்ஸ்னுதானே சொன்னேன்!"

"எப்படிச் சொன்னீங்க, சொல்லிக் காட்டுங்க."

சிரித்து, தலையாட்டி, மெர்சி சொல்லிக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "தட்டுல போட்டப்புறம் சொன்னா அது நன்றி. போடவான்னு கேக்கும்போதே சொன்னா வேணாம்னு அர்த்தம். அதுக்கு மேல தலைய வேற இல்லைங்கிற மாதிரி ஆட்டியிருக்கீங்க! இனிமே 'உய்'னு சொல்லுங்க. ஆமான்னு அர்த்தம். தமிழ்லயும் உய்னா பொழைக்கிறதுதானே?"

அவரே அம்மாளிடம் பேசுவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அந்த அம்மாளின் சமையலை ஒதுக்கியது என் வாய். அதைச் சரிசெய்வதும் என் வாயாக இருக்கட்டும் என்று பட்டது.

அன்று மாலை மேஜையில் சூப்பும் ரொட்டியும் மட்டும் இருந்தன. அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தனக்காக அடுப்பில் ஏதோ செய்துகொண்டிருந்தார். உருளைக்கிழங்கு வெண்ணெயில் பொரியும் வாசனை வந்தது. யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை என்று புரிந்தது. அதுவரை யாரிடமும் சோறு கேட்டு நின்றவனில்லை நான், பெற்ற தாயிடம்கூட. எழுந்தேன். காலி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பருகே போனேன். அவர் ஒன்றும் கேட்காமலே, "உய்" என்றேன். பொரியும் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும், "உய், உய்" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கரண்டியோடு சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். தனக்கென்று செய்ததை முழுக்க என் தட்டில் போட்டுவிட்டு, மறுபடி கிழங்கை உரிக்க உட்கார்ந்தார். நான் மென்றுகொண்டே அழுதேன். வயிறு நிறைந்த பின் அவர் மீண்டும் கரண்டியைத் தூக்கியபோது, உள்ளங்கையைக் காட்டி, சரியான அர்த்தத்தில் "மெர்சி" என்றேன். அவர் அதற்கும் சிரித்தார்.

மிச்சக் கோடை முழுக்கத் தோட்டத்துத் தக்காளியும், செர்ரிப் பழமும், சட்டியை ரொட்டியால் வழித்துத் தின்பதுமாகப் போனது. வெளிச்சம் குறையாத அந்த நீண்ட மாலைகளில், இரண்டு பேருக்கும் புரியாத மொழிகளில் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

ஊர் திரும்பிய வாரமே மேனேஜர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். "சண்டே ஒரு டியூட்டி இருக்கு, வந்துடுறீங்களா?"

"நக்கோ சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேறொருவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் நான் பயந்தது இதற்குத்தானா என்றிருந்தது.

ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகிவிட்டது. உடம்பில் அந்தப் பழைய அசதி இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆனாலும் யாராவது "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், பசித்தால் பசிக்கிறது என்றே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் வாய் திறக்காததால் வாடியது நான் மட்டுமல்ல, சட்டியைத் திருப்பி எடுத்துப் போன அந்த அம்மாளும்தான்.