வெளியே போகாத ரத்தம்

"…அதனால, எங்க வீட்டு ஆம்பளையச் சோதிச்சுப் பாக்குறதுங்கிறது, வைகையில தண்ணி கிடக்கான்னு எட்டிப் பாக்குற மாதிரி, தம்பி" என்று முடித்தார் எழுமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மாள்.

வைகையில் கடைசியாக எப்போது தண்ணீரைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரத்தம் கொடுக்காமல் எழுந்து போயிருப்பார். அவரைப் பேசி உட்கார வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆண்களுக்கு விந்தணு எப்படி உண்டாகிறது, அந்த வேலையில் எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்கிவிடுகிறது என்று பார்க்கிற ஆய்வுக்கூடம் ஒன்று மதுரையில் இருக்கிறது. அதற்கு ஆள் கூட்டி வருபவன் நான். படித்தவர்கள் கூப்பிட்டால் எங்கள் ஊர் ஆண்கள் வர மாட்டார்கள். நான் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்தான். ஆனால் என்னோடு டீ குடிப்பார்கள். "ரத்தம் வேணா ஒரு குடம் எடுத்துக்கங்கண்ணே, அத மட்டும் கேக்காதீக" என்பார் ஒருவர். "எனக்கென்ன மாப்ள குறை? ஒரே உக்காருல இம்புட்டு புரோட்டா திங்கிறேன்" என்று கையால் உயரம் காட்டுவார் இன்னொருவர். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவர்தான் எல்லாரிலும் பெருந்தன்மையானவர்: "எம்பொண்டாட்டிய எத்தன வாட்டி வேணாலும் சோதிச்சுக்கங்க. நான் குறுக்க நிக்கவே மாட்டேன்."

எழுமலை அம்மாளின் மகன் கொஞ்சம் தேவலை. வீட்டுக்குத் தெரியாமல் மனைவியோடு வந்து விந்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். அதில் ஓர் அணுகூட இல்லை. பிறகு விரையிலிருந்து ஊசி வழியாகச் சதைத்துணுக்கும் எடுக்கச் சம்மதித்தார். ஊசிக்குப் பயப்படாத அந்த மனிதர் அம்மாவுக்குப் பயந்தார். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அதுவரை எல்லா ஸ்கேனுக்கும் எல்லாக் கோயிலுக்கும் இழுத்துப் போகப்பட்டது அவர் மனைவிதான். போதாததற்கு, வருகிற தை மாதம் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் தம்பி மகளை மகனுக்குக் கட்டி வைப்பதென்று அந்த அம்மாள் பேசி முடித்திருந்தார்.

ஆய்வுக்கூடத்தை நடத்தும் எங்கள் மேடத்துக்குப் பெற்றோர் இருவர் ரத்தமும் தேவைப்பட்டது. பிள்ளை இல்லாததற்குக் காரணம் பரம்பரையில் வந்ததா என்று பார்க்கத்தான் என்று நான் தெளிவாகவே சொன்னேன். அந்த அம்மாள் காதில் "ரத்தம்" என்பது மட்டும் விழுந்திருக்க வேண்டும். "நல்லாப் பாருங்க. நான் எந்தாய்மாமனத்தான் கட்டுனேன். எங்க ரத்தம் வெளிய போனதே இல்ல" என்று சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக் கையை நீட்டினார். பக்கத்தில் அந்தத் தாய்மாமன், அதாவது அவர் கணவர், தங்கப் பதக்கம் வாங்கப் போகிறவரைப் போல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

முடிவு வந்த அன்று நால்வரும் வந்தார்கள். மேடம் சொல்லலாமா என்று மகனைப் பார்த்தார். மகன் மின்விசிறியைப் பார்த்துத் தலையாட்டினார்.

விந்தணு படிப்படியாக உண்டாவது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கூட்டம் மரபணுக்கள் விழித்து வேலை பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்திடம் விட்டுவிட வேண்டும். இவருக்கு நடுவில் விழிக்க வேண்டிய ஒன்று பழுது. மேடம் இதைப் பொறுமையாகச் சொன்னார். அம்மாள் என்னைப் பார்த்தார்.

"லிண்டல் மட்டத்தோட நின்னுபோன வீடு மாதிரி, ஆத்தா. மேல கட்ட வேண்டிய கொத்தனார் வரல" என்றேன்.

"ஏன் வரல?"

"ஒவ்வொரு மரபணுவும் அப்பாகிட்ட ஒண்ணு, அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டா வரும்" என்றார் மேடம். "ஒண்ணு நல்லா இருந்தாலே போதும். உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. உங்க மகனுக்கு ரெண்டு பக்கமிருந்தும் பழுதே வந்துருச்சு. மருமகளுக்கு ஒரு குறையும் இல்ல."

"இது அவுக பக்கத்துச் சரக்கு" என்று அம்மாள் கணவரைக் கைகாட்டினார்.

அன்று வரை என் முன்னால் வாயே திறக்காத அவர் பாய்ந்தார். "எங்க பக்கமா? ஒங்காத்தா பக்கமிருந்து வந்திருக்கும்டி!"

"எங்காத்தா ஆரு? ஒங்க கூடப் பொறந்த அக்காதான?"

பழியைத் தூக்கி எறிய எதிர்வீடு வேண்டும். இவர்களுக்கு இருந்ததோ ஒரே வீடு.

"சொந்தத்துல கட்டுற எல்லாருக்கும் இப்படி வராதும்மா" என்று மேடம் ஆறுதல் சொல்லப் பார்த்தார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் கதவோரம் நின்ற மருமகள், கடைக்குப் போக வழி கேட்கிற குரலில் கேட்டாள்: "அத்தை, அப்ப நான் எங்க வீட்டுக்குத் தையிலதான் போகணுமா? இல்ல, இப்பவே பஸ் ஏறட்டுமா?"

மகன் இன்னமும் மின்விசிறியை விடவில்லை.

அம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு பையைத் துழாவிப் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "எலேய், ஒம்மகளுக்கு வேற எடம் பாத்துக்க. ஜோசியரு கட்டம் ஒத்து வரலைன்னுட்டாரு" என்றார். தம்பி அந்தப் பக்கம் ஏதோ கத்துவது எங்களுக்கே கேட்டது. முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "வெளியில பாரு, சொந்தத்துல வேணாம்" என்று போனை வைத்தார்.