ஒருவழித் திருகாணி

குந்தாவில் மின்நிலையக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, எதிர்வரிசை வீட்டு ஜன்னல் கிரில்லை ஒரு திருடன் திருகாணி திருகாணியாகக் கழற்றி, சுவரில் பதவிசாகச் சாய்த்து வைத்துவிட்டு, குக்கரையும் கம்பளியையும் கொண்டுபோனான். அன்றோடு எனக்கு நிம்மதி போயிற்று. மனைவிக்குப் பிரசவமாகி இரண்டு மாதம். நான் டியூட்டிக்குப் போனால் அவளும் குழந்தையும் தனி.

மின்பேனல்களைப் பராமரிப்பது என் வேலை. கண்டவன் கை வைக்காதபடி செய்த திருகாணிகளெல்லாம் எனக்கு அத்துப்படி. சிலவற்றின் தலையில் இரண்டு குழி மட்டும் இருக்கும். இரட்டை முனைச் சாவி இல்லாமல் அசைக்க முடியாது. நட்சத்திரப் பள்ளத்தின் நடுவே முளை நிற்பதும் உண்டு. முனையில் துளையுள்ள சாவிதான் அதில் இறங்கும். இறுக்கி முடித்ததும் தலையே முறிந்து விழுகிற போல்ட்டைக்கூட மாட்டியிருக்கிறேன். ஜன்னலுக்கு நான் தேர்ந்தெடுத்தது ஒருவழித் திருகாணி. அதன் பள்ளத்தில் இறுக்கும் பக்கம் செங்குத்தாக இருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவரே போதும். கழற்றும் பக்கம் சரிவு. ஸ்க்ரூடிரைவர் மேலேறி வழுக்கிவிடும். கோயமுத்தூரில் வாங்கிவந்து, பன்னிரண்டையும் வெளிப்பக்கமிருந்து நானே முடுக்கினேன்.

“திருடனுக்குச் சரிங்க. நமக்கே கழட்டோணும்னா?” என்றாள் மனைவி.

“நாம எதுக்குக் கழட்டப்போறோம்?” என்றேன், பெரிய மேதாவி போல.

ஆடி மழையில் மலையில் துணி காயாது. குழந்தைத் துணிகளைக் கரி நெருப்பிட்ட கணப்புச் சட்டிமேல் கூடை கவிழ்த்துக் காயவைப்போம். குளிருக்கு ஜன்னலையும் அடைத்துவிடுவோம். எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன். பதிலில்லை. ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்தேன். எதிர்ச் சுவரோரம் அவள் சரிந்து கிடந்தாள், கண் பாதி திறந்தபடி. மடியில் குழந்தை அசையவில்லை. பக்கத்தில் கரி புகையில்லாமல் சிவந்திருந்தது. மூடிய அறையில் கரி நெருப்பு ஆளைக் கொல்லும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

தோளால் கதவை மோதினேன், அசையவில்லை. பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. கிரில்லைக் கழற்ற ஆரம்பித்தேன். வழுக்கியது. மறுபடி வைத்தேன், மறுபடி வழுக்கியது. அது கழலாது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தேன். முனை குத்தி விரலில் ரத்தம் வந்தது. செத்துப்போனார்கள், நானே பூட்டிக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

என் கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா விறகுக் கட்டையும் கையுமாக வந்தார்.

“தள்ளி நில்லுங்க. கண்ணாடிய ஒடைக்காம என்னத்தத் திருகிட்டு இருக்கறீங்க?”

கம்பி இடுக்கில் கட்டையை விட்டு இரண்டு இடி இடித்தார். கண்ணாடி உள்ளே கொட்டியது. ஈரக்காற்று புகுந்தது. ஓடிவந்த இரண்டு பேர் என்னோடு சேர்ந்து கதவைப் பெயர்த்தார்கள். வெளியே தூக்கிவந்து மழைச்சாரலில் கிடத்தியதும் குழந்தை முதலில் அழுதது.

இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“நீங்க திருகற சத்தம் கேட்டுட்டேதானுங்க இருந்துச்சு. எனக்குக் கைகாலே வரல. இப்ப கண்ணாடிய ஒடைப்பீங்க, இப்ப ஒடைப்பீங்கன்னு உங்களையே பாத்துட்டு இருந்தேன்.”