எதிர்க் கட்டிலில் ஒரு குளம்

டயாலிசிஸ் வார்டில் எனக்கு எதிர்க் கட்டில் அவருடையது. ஒடிசலான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. ஊசி குத்திய இடக்கை தலையணைமேல் அசையாமல் கிடக்கும். வலக்கை மட்டும் மடியிலிருக்கும் அட்டையில் வரைந்துகொண்டே இருக்கும். எப்போதும் தண்ணீர்தான். மழை, வாய்க்கால், கூழைக்கடாப் பறவைகள் மிதக்கும் வாலாங்குளம். வரும் வழியில் பஸ்ஸை விட்டிறங்கி, குளக்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார்.

சிறுநீரகம் கெட்ட எங்களுக்குக் குடிதண்ணீர் அளவோடுதான். கோடையில் நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். அவர் தூரிகையை முக்கும் டம்ளரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, குடிக்க முடியாத தண்ணியவே வரையறீங்களே, தாகம் சாஸ்தியாகாதுங்களா?"

சிரித்தார். "குடிக்கறதுக்குத்தானுங்க டாக்டர் அளவு சொன்னாரு. பாக்கறதுக்குச் சொல்லலீங்களே."

அன்று கிளம்பும்போது அந்தக் குளத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு எனக்கு டயாலிசிஸ் நாள் மாறிவிட்டது. அவரைப் பார்க்கவே இல்லை. வீட்டில், முன்பு தண்ணீர்ச் சொம்பு வைத்திருந்த இடத்தில் அந்தப் படத்தை வைத்திருக்கிறேன். நாக்கு வறளும்போது பார்ப்பேன். தாகம் ஒன்றும் போய்விடுவதில்லை. தண்ணீர்மேல் எனக்கிருந்த கோபம்தான் போய்விட்டது.