அளவெடுக்கும் நேரம்

“‘சாட் அப்’னு எழுதியிருக்காங்களே, அப்படின்னா என்னம்மா? போன்ல பேசறதா?” என்று கேட்டார் முதலாளி. அவர் கையில் ஒரு வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் எழுதிய புகார்க் கடிதம்.

“இல்ல சார். மயக்கப் பாத்துப் பேசறது.”

“ஓ, கடலை போடறது!” என்று சிரித்தார். “அதுக்கா ஆள வேலைய விட்டுத் தூக்கச் சொல்றாங்க?”

“கடலைன்னா ரெண்டு பேரும் போடணும் சார். இந்தப் பொண்ணு போடல. அசையாம உக்காந்திருந்தாங்க.”

சிரிப்பு நின்றது. “பாதிக் கடை எங்க அக்காவோடது. அவங்களே முடிவு பண்ணட்டும். அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, தமிழ்ல எழுதி வை.”

கடிதம் எங்கள் அளவுக்காரரைப் பற்றியது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாக அவருக்கு ஒரே வேலை. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்து, அவர் மூக்கின் மேல் சின்ன அளவுகோலை வைத்து, இரண்டு கருவிழிகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார். முகத்துக்கும் முகத்துக்கும் ஒரு முழம்கூட இருக்காது. தலையைத் திருப்பினால் அளவு தப்பிவிடும்.

வயதானவர்களுக்குப் பத்து நொடி. “ஆச்சும்மா, எழுந்திருங்க.” கல்லூரிப் பெண் என்றால் அளவுகோல் மூன்று முறை வழுக்கும். “நேரா என்னையே பாருங்க மேடம். இந்தக் கண்ணுக்கா கண்ணாடி? மூடி வைக்கறது பாவம்.” இரண்டு வருடமாக என் மேசையிலிருந்து கேட்டேன்; ஒரு சொல் மாறியதில்லை. அவர் எடுத்த அளவு ஒருநாளும் பிசகியதில்லை என்பதால் வாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

‘அசைய முடியாமல் இருந்த என்னிடம் வழிந்தார்’ என்று நான் எழுதினேன். முதலாளியின் அக்கா இரண்டு முறை படித்துவிட்டு அளவுக்காரரை வேலையை விட்டு நிறுத்தினார்.

எழுதுவதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார்; கடிதம் என் மேசைமேல் இருந்தது. அளவுக்காரர் என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை என்னைத் தங்கச்சி என்றே கூப்பிட்டவர், அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

“இந்தக் கண்ணுக்கா கண்ணாடி? கழட்டேன், பாப்போம்.”

நான் கழற்றவில்லை.

“கோவமா? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. ஒரே ஒரு வார்த்தைதானே? ‘கலகலப்பாப் பேசினார்’னு போட்டுடு. உன் கையிலதான் இருக்கு. கொஞ்சம் சிரிச்ச முகமா எழுதேன்.”